தானியங்கிப் பதிலும் வாக்குறுதியே

ஜும்ஆவுக்கு அழைக்கப்பட்டால் வணிகத்தை விட்டுவிடுமாறு இறைவன் பணிக்கிறான் (62:9). அவ்வேளை வாடிக்கையாளருக்குப் பதில் சொல்ல வாட்ஸ்அப் பிசினஸ் செயலியின் தானியங்கிச் செய்தி போதும். ஒவ்வொரு வெள்ளியும் தொடக்க நேரத்தையும் முடிவு நேரத்தையும் குறித்துவிட்டால் தானே செல்லும்.

ஆனால், பலர் "விரைவில் தொடர்பு கொள்வோம், இன்ஷா அல்லாஹ்" என எழுதிவைத்துவிட்டு மறந்துவிடுகின்றனர். அனுப்பியது கருவியாயினும் வாக்களித்தவர் நாமே. அதுபற்றி மறுமையில் விசாரணையும் உண்டு (17:34). இன்ஷா அல்லாஹ் என்பது காலம் கடத்தும் சொல்லன்று.

"ஜும்ஆவுக்காகக் கடை மூடியுள்ளது, 3 மணிக்குள் பதிலளிப்போம், இன்ஷா அல்லாஹ்" எனத் தெளிவாக எழுதுங்கள், திரும்பியதும் அதை நிறைவேற்றுங்கள். சரக்கு இருக்கிறதா, பணம் வந்ததா என்பவற்றுக்கு மட்டும் கண்ணால் பார்த்தபின் நீங்களே பதில் எழுதுங்கள். பாராமல் "உண்டு" என்பது பொய்யாகிவிடலாம். பொய் கலந்த வணிகத்தில் பரக்கத் இல்லை.