தக்காளிக் கடிகாரமும் 45 நாளும்

தனித்து இயங்கும் வலை வடிவமைப்பாளர்களுக்கென இன்று விற்கப்படும் உபதேசங்கள் அனைத்தும் ஒரே அனுமானத்தின்மேல் நிற்கின்றன: அவர்களுடைய வருவாய்க் குறைவுக்குக் காரணம் அவர்களுடைய ஒழுங்கின்மை. அதிகாலை எழுச்சி, 25 நிமிடத் துண்டுகள், பணிப்பலகை, பழக்கக் கணக்கேடு. இவற்றைக் கல்லூரி வேலைவாய்ப்பு மையங்களும் ‘தொழில்முனைவு’ என்ற பெயரில் மாணவர்களுக்கு ஓதுகின்றன. இந்த அனுமானத்தையே நான் மறுக்கிறேன்.

25 நிமிட முறை எங்கே பிறந்தது? 1980களின் இறுதியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர், தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தைக் கொண்டு தம் படிப்புக்காக வகுத்துக்கொண்டது அது. படிக்கும் மாணவருக்கு எதிரே வாடிக்கையாளர் இல்லை. ‘அந்த நீலத்தைச் சற்று அடர்த்தியாக்குங்கள்’ என்று இரவு 11 மணிக்கு வாட்ஸ்அப்பில் எழுதுபவரும் இல்லை. வலைத்தளம் அமைப்பவரின் நாளைத் தின்பது கவனச்சிதறல் அன்று. எல்லையற்ற திருத்தங்கள், வந்துசேராத படங்களுக்கும் வாசகங்களுக்குமான காத்திருப்பு, வேலை முடிந்தபின் வாராத பணம் ஆகியவையே அதைத் தின்கின்றன. பாறசாலையில் ஒரு கடைக்காரர் தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றிலும் தளம் கேட்டால், எழுத்துருவும் வரி நீளமும் பக்க அமைப்பும் மும்முறை சரிபார்க்கப்பட வேண்டும். ‘ஒரே தளம்தானே’ என்று ஒரு கூலி பேசப்பட்டிருந்தால் எந்தக் கடிகாரம் அதை ஈடுசெய்யும்?

ஆலைக் கடிகாரம் தொழிலாளியின் மனத்துக்குள் குடியேறிய வரலாற்றை ஈ. பி. தாம்சன் 1967இல் எழுதினார். இன்று கடிகாரத்தை வாங்கும் செலவும் தொழிலாளியுடையதே. அப்வொர்க் போன்ற தளங்களின் மணிக்கணக்கு ஒப்பந்தங்களில், நேரம் பதியும் மென்பொருள் 10 நிமிடத்துக்கு ஒருமுறை திரையைப் படமெடுக்கிறது. இதற்குச் ‘சுதந்திரத் தொழில்’ என்று பெயர்!

ஒழுங்கிருந்தால் வருவாய் உயரும் என்போர் தனுவச்சபுரத்திலிருந்து நெய்யாற்றின்கரையைக் கடந்து பாலராமபுரம் வரை சென்று பார்க்கட்டும். பாலராம வர்மாவின் ஆட்சிக்காலத்தில் (1798–1810) தமிழ்ப் பகுதியிலிருந்து குடியமர்த்தப்பட்ட சாலியர் வளர்த்த நெசவு அது. பாவோடுவது முதல் குழித்தறியில் நெய்வது வரை, வீட்டார் பலர் பங்கிட்டுச் செய்யும் அந்தப் பணியோட்டத்தில் எந்த மேலாண்மை நூலாலும் ஒரு குறை காண முடியாது. ஆயினும் நூலைக் கொடுத்துத் துணியைப் பெறுபவர் வேறொருவராக இருக்கும் இடத்தில், கூலியைத் தீர்மானிப்பது நெய்பவரின் ஒழுக்கம் அன்று. பேரம் பேசும் வலிமை. மடிக்கணினி முன் வீட்டில் அமர்ந்து துண்டுக்கூலிக்கு உழைப்பவரின் நிலை இதிலிருந்து எவ்வளவு தொலைவு?

பழக்கங்களால் பயனே இல்லை என்று நான் கூறவில்லை. வேலையின் எல்லையை எழுத்தில் வரையறுத்தல், முன்பணம் பெறுதல், திருத்தங்களுக்கு வரம்பு வைத்தல் ஆகியவை மிகப் பயனுள்ளவை. ஆனால் அவை ஒப்பந்த நிபந்தனைகள். அவற்றுக்கு மறுதரப்பின் ஒப்புதல் வேண்டும். அவற்றைத் ‘தனிமனிதப் பழக்கம்’ என்று பெயர் மாற்றும்போது மறுதரப்பு காட்சியிலிருந்து மறைந்துவிடுகிறது. உபதேசத் தொழிலின் சூட்சுமமே அதுதான்.

மறுதரப்பைக் காட்சிக்குள் இழுக்கும் சட்டம் ஒன்று நம்மிடம் உண்டு. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, பதிவுபெற்ற குறுந்தொழிலருக்குத் தர வேண்டிய தொகையை, ஒப்பந்தம் எதுவாயினும் 45 நாளுக்குமேல் இழுத்தடிக்கக் கூடாது. தவறினால் வங்கி விகிதத்தின் மும்மடங்கு கூட்டுவட்டி. வழக்காட மாநில அளவில் வசூல் உதவி மன்றம். வலை வடிவமைப்பு என்ற சேவைத் தொழிலுக்கும் இது பொருந்தும். தனியொருவரும் உத்யம் தளத்தில் கட்டணமின்றிப் பதியலாம். வேலையை ஒப்படைப்பதற்கு முன்பே பதிவது நல்லது.

வேலைவாய்ப்பு மையங்கள் அடுத்த முறை நேர மேலாண்மைப் பயிற்றுநரை அழைக்குமுன், இச்சட்டத்தின் 15 முதல் 18 வரையிலான பிரிவுகளை ஒரு மணிநேரம் மாணவர்களோடு சேர்ந்து வாசிக்கட்டும்.