மோஷன் டெஸ்ட் சீட்டில் விட்டுப்போகும் ஒரு வரி

அரசு மருத்துவமனையில் லேப் டெக்னீஷியனாக இருந்து ஓய்வுபெற்றவள் நான். எச்.ஐ.வி. உள்ளவர்கள் கொண்டுவரும் சீட்டில் பெரும்பாலும் 'மோஷன் டெஸ்ட்' என்று மட்டுமே எழுதியிருக்கும். மலத்தை உப்புநீரிலும் அயோடினிலும் கலந்து பார்ப்போம். கொக்கிப்புழு முட்டை, ஜியார்டியா எல்லாம் தெரியும். வாரக்கணக்கில் வயிற்றுப்போக்கு நிற்காமல், சட்டை தொளதொளவென்று தொங்க வந்து நிற்பவருக்கும் 'ஒன்றுமில்லை' என்று ரிசல்ட் போய்விடும்.

இப்படி வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி, அப்படிப் பார்த்தால் சிக்காது. நான்கிலிருந்து ஆறு மைக்ரான்தான், ஈஸ்ட் என்று தள்ளிவிடத் தோன்றும். ஆசிட்-ஃபாஸ்ட் சாயம் ஏற்றினால்தான் சிவப்பாகத் தெரியும். அதற்கான கார்பால் ஃபுக்சின் பாட்டில், காசநோய்க்குச் சளி பார்க்கிற மேசையிலேயே இருக்கிறது! நிறம் நீக்கும் அமிலத்தை மட்டும் 1 சதவீதத்துக்கு நீர்க்கச் செய்ய வேண்டும். சளிக்கு ஊற்றும் வீரியத்தில் ஊற்றினால் உள்ள சிவப்பும் வெளுத்துவிடும்.

கிருமி எது என்று தெரிந்துதான் என்ன ஆகப்போகிறது என்பார்கள். நிறைய ஆகும். அதே சாயத்தில் நீள்வட்டமாகப் பெரிதாகத் தெரியும் சிஸ்டோஐசோஸ்போரா என்ற இன்னொரு ஒட்டுண்ணி, கோட்ரைமாக்சசோல் மாத்திரைக்குக் கட்டுப்படும். கிரிப்டோஸ்போரிடியத்துக்கோ உறுதியான மருந்தே இல்லை. உடம்பில் நீர் வற்றாமல் பார்த்துக்கொண்டு, எச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.டி. கூட்டு மருந்து மூலம் நோய் எதிர்ப்புக்கான சிடி4 அணுக்களை ஏற்றுவதுதான் வழி. இரண்டையும் பார்க்காமல் மெட்ரோனிடசோல் எழுதிக்கொடுப்பது வைத்தியம் அல்ல, ஒப்பேற்றல்.

2004-ல் இலவச ஏ.ஆர்.டி. வந்தபின் இந்தத் தொற்றுகள் குறைந்தது உண்மை. ஆனால் நோய் முற்றி வருபவர்களும், நடுவில் மாத்திரையை விட்டவர்களும் இன்றும் இருக்கிறார்கள். சிடி4 நூறுக்குக் கீழே போனவருக்கு இந்த வயிற்றுப்போக்கு உயிருக்கே உலை.

ஒரே தடவை பார்த்துவிட்டும் முடிவு கட்டக் கூடாது. கிருமி தினமும் வெளியேறாது; வெவ்வேறு நாளில் மூன்று மாதிரி வேண்டும். கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறி வருபவரை மூன்று நாள் அலைக்கழிப்பதா? ஃபார்மலின் ஊற்றிய டப்பாக்களை எச்சரித்துக் கொடுத்தனுப்பினால் மொத்தமாகக் கொண்டுவந்து தருவார். (எச்.ஐ.வி. சாம்பிள் என்றதும் ஓரமாக வைக்கும் சக ஊழியர்களுக்கு: ரத்தம் கலக்காத மலத்தால் எச்.ஐ.வி. பரவாது. கையுறை எல்லா சாம்பிளுக்கும்தான்.)

டாக்டர்களே, சீட்டில் 'ஆசிட்-ஃபாஸ்ட் சாயம்' என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள், பக்கத்திலேயே சிடி4 எண்ணையும் போடுங்கள். எழுதாவிட்டால், நோயாளிகளே, கேட்டு எழுதி வாங்குங்கள்.