ட்ரில் மெஷினைத் தூக்கி வீச முன்



நம்ம இரத்தினபுரி, கேகாலைத் தோட்டப் பக்கம் கூரைத் தகடு பூட்டவும் கதவுக்குக் கொண்டி போடவும் இப்போது பெட்டரி ட்ரில்தான். கொழும்புக்கு சீலிங், அலுமினிய வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு அதுதான் சோறு. ஆனால் அது ஒருநாள் சுற்றாவிட்டால் மூலையில் போட்டுவிட்டுக் கடனுக்குப் புதியது வாங்குகிறோம். தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவானதே 2024இல்தான். அந்தச் சம்பளத்தில் ஒரு ட்ரில் என்பது பல நாள் உழைப்பு.

முதல் சோதனையையாவது நாம் வீட்டில் செய்யப் பழக வேண்டும் என்பதே என் கருத்து.

முன்னுக்கும் பின்னுக்கும் மாற்றும் பொத்தானைப் பாருங்கள். அது நடுவில் நின்றால் விசை பூட்டிக்கொள்ளும். மெஷினில் பழுதே இல்லை. மோட்டார் சுற்றியும் 'டக் டக்' என்று சத்தம் வந்து ஸ்க்ரூ இறங்காவிட்டால், முன்னாலுள்ள வளையத்தைக் கூடிய எண்ணுக்குத் திருப்புங்கள்.

அடுத்தது பெட்டரி. தெரிந்தவரிடம் அதே வகைப் பெட்டரி வாங்கிப் போட்டுப் பாருங்கள். ஓடினால் மெஷின் நல்லது. மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் இலகு. 18 வோல்ட் லித்தியம் பெட்டரி நிரம்பச் சார்ஜ் ஆனால் 20, 21 வோல்ட் காட்டும். பச்சை விளக்கு எரிந்தும் 17இல் நின்றால், உள்ளே உள்ள 5 கலங்களில் ஒன்று செத்திருக்கலாம். கடையில் '21 வோல்ட்' என்று விற்பதும் பெரும்பாலும் இதே 18தான், ஏமாறாதீர்கள்.

பெட்டரியும் சார்ஜரும் சரியென்றால் மிஞ்சுவது விசை, கார்பன் பிரஷ். நிறையப் பொறி பறந்து விட்டுவிட்டு ஓடினால் பிரஷ் தேய்ந்திருக்கும். அதை ஒரு பாஸிடம் சொல்லியே கொடுக்கலாம். என்ன பழுது என்று தெரிந்து போகிறவரிடம் யாரும் கூடுதலாகக் கேட்கமாட்டார்கள்.

ஒரு எல்லையும் உண்டு. பெட்டரியை உடைத்துத் திறக்காதீர்கள். வீங்கியதையும், 2017 மே மாதம் போல வெள்ளம் வந்து நனைந்ததையும் சார்ஜில் போடவே வேண்டாம். லயத்தில் ஒரு காம்பிராவில் தீப்பிடித்தால் வரிசையே எரியும்.

உயர்தரத்தில் தொழினுட்பத் துறை 2013இல் வந்தது. ஆனாலும் நம் பிள்ளைகள் பலர் மல்டிமீட்டரைப் படத்தில்தான் பார்க்கிறார்கள். பழைய மாணவர்களே, பள்ளிவாசல், கோயில் நிர்வாகத்தினரே, அடுத்த பரிசளிப்பில் கண்ணாடிக் கோப்பைக்குப் பதில் ஒரு மல்டிமீட்டர் கொடுங்கள். பெண் பிள்ளைகளுக்கும்தான்.