தரிப்பிடமும் வழியும்

ஒரு நகரின் சிறப்பை அதன் மாளிகைகளைக் கொண்டு அளப்பார் உளர். அதன் வீதிகளைக் கொண்டு அளப்பதே முறையாகும். மாளிகை ஒருவருக்கு உரியது. வீதி எல்லார்க்கும் உரியது. எல்லார்க்கும் உரிய பொருளை ஓர் ஊர் எவ்வாறு பங்கிடுகின்றது என்பதிலேயே அவ்வூரின் நடுவுநிலைமை விளங்கும். யாழ்ப்பாண நகரின் நடுவே வாகனங்களை எங்கே நிறுத்துவது, சைக்கிளில் வருவோர் எவ்வழியாற் செல்வது என்னும் வினாக்கள் சிறு நிருவாகக் காரியங்கள் போலத் தோன்றும். ஆயினும் அவை பங்கீடு பற்றிய வினாக்கள். ஆதலின் அறம் பற்றிய வினாக்களே என்பது எமது துணிபு.

முதலிற் சொல்லை நோக்குவோம். வாகனம் நிறுத்தும் இடத்தை நம் நாட்டார் 'தரிப்பிடம்' என்பர். தரித்தல் என்பது ஈண்டுச் சற்றே நின்று பின் செல்லுதலைக் குறிக்கும். பேருந்து தரிக்கின்றது, ஆட்களை ஏற்றியபின் போகின்றது. அஃது தரிப்பு. காலையிற் கடைவாசலிலே வந்து நின்ற வாகனம் மாலைவரை அங்கேயே நிற்குமாயின் அதனைத் தரித்தல் என்பது பொருந்துமோ? அது குடியிருத்தலன்றோ? வாடகையின்றிப் பொதுநிலத்திற் குடியிருப்பதை வேறெவ்விடத்தும் ஒப்பாத நாம், வீதியோரத்தில் மாத்திரம் அதனை இயல்பெனக் கொண்டுவிட்டோம்.

நம் முன்னோர் வீதிகளை வகுத்தறிந்தவர். சிலப்பதிகாரத்தில் இந்திரவிழவூரெடுத்த காதையைக் கற்ற மாணவர், புகார் நகரிலே தேரோடும் வீதி வேறாகவும் கடைத்தெரு வேறாகவும் எண்ணப்பட்டிருத்தலை அறிவர். விரைந்து செல்லும் ஊர்திக்கும், நின்று பொருள் கொள்ளும் மாந்தர்க்கும் ஒரே இடம் பொருந்தாது என்பது புதுமைக் கருத்தன்று என்பதற்கு இதுவே சான்றாகும்.

இன்றைய நிலையைக் காண்க. ஆஸ்பத்திரி வீதியும் கஸ்தூரியார் வீதியும் அகலத்தாற் பெரியன அல்ல. இத்தகைய வீதியின் ஓரத்தை நின்ற வாகனங்கள் அடைத்துக்கொண்டால், சைக்கிளில் வருபவர் வேறு வழியின்றி நடுவீதிக்குத் தள்ளப்படுகின்றார். அவருக்குப் பின்னே பேருந்து ஒலியெழுப்பும். பக்கத்தே நிற்கும் வாகனத்தின் கதவு எப்பொழுது திறக்குமோ என்பதும் தெரியாது. இவ்விடர்ப்பாட்டிற் சிக்குபவர் யாவர்? வேம்படிக்கும் மத்திய கல்லூரிக்கும் செல்லும் பிள்ளைகள், சந்தைக்கு மரக்கறி கொண்டுவரும் முதியவர், வைத்தியசாலையில் இருக்கும் உறவினர்க்குச் சோறு கொண்டு செல்லும் பெண்கள் ஆகியோரே. ஒரு மோட்டார் வண்டி நிற்கும் இடத்திலே எட்டுப் பத்துச் சைக்கிள்களை நிறுத்தலாம். ஒருவருக்காகப் பலரை நெருக்குதல் எந்த நூலின்படி நீதியாகும்?

சைக்கிளுக்கு இம்மண் பட்டுள்ள கடன் சிறிதன்று. 1990ஆம் ஆண்டு தொடங்கிய போர்க்காலத்திலே எரிபொருட்டடை வந்தபோது குடாநாட்டின் வாழ்க்கையைத் தாங்கியது சைக்கிளே. விறகும் நெல்லும் நோயாளரும் அதன்மீதே சென்றனர். பாடசாலைகளும் அதனை நம்பியே நடந்தன. 1995இல் வலிகாம மக்கள் ஊரைவிட்டுப் பெயர்ந்தபோது பலர் தம் உடைமையெல்லாவற்றையும் அதிற் கட்டியே உருட்டிச் சென்றனர். பின்னர் 2022இல் நாடு முழுவதும் எரிபொருளுக்கு வரிசையில் நின்ற காலத்தும், மூலையிற் கிடந்த சைக்கிள்களைத் துடைத்து எடுத்தோம். இடர் வரும்போது அழைத்து, இடர் நீங்கியதும் வீதியிலிருந்து விரட்டுதல் நன்றியுடைமையாகாது. அன்றியும் இடர் இனி வாராதென்று உறுதி கூறுவாரும் இலர்.

இதனை இப்பொழுது கூறுதற்குக் காரணம் உண்டு. 2020இல் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025ஆம் ஆண்டு பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டது. வாகனங்கள் பெருகும், வீதிகளோ அகலப்போவதில்லை. 2023இல் பதவிக்காலம் முடிந்தபின் மக்கட் பிரதிநிதிகளின்றி இருந்த உள்ளூராட்சிச் சபைகளுக்கு 2025 மே மாதத்திலே தேர்தல் நடைபெற்றது. முடிவு செய்யும் உரிமை மீண்டும் மக்கட் பிரதிநிதிகளின் கையில் உள்ளது. வெள்ளம் வருமுன் அணை கோலுதல் அவர்தம் கடன்.

'வாகனத்தை வாசலில் நிறுத்த விடாவிட்டால் வியாபாரம் படுத்துவிடும்' என வணிகர் அஞ்சுவர். அவர் அச்சத்தை எள்ளுதல் தகாது; அவர்க்கும் பிள்ளைகுட்டிகள் உண்டு. எனினும் ஆண்டுதோறும் நல்லூர்க் கந்தசுவாமி கோயிற் பெருவிழாவின் 25 நாட்களும் கோயிலைச் சூழ்ந்த வீதிகள் வாகனங்களுக்கு அடைக்கப்படுவதை அவரும் அறிவர். வாகனங்கள் மாற்றுவழியிற் செல்கின்றன. வந்தோர் தூரத்தே நிறுத்திவிட்டு நடக்கின்றனர். அதனால் அங்கே கடை விரித்தவர் எவரேனும் வாங்குவோர் வரவில்லையென்று வருந்தியதுண்டோ? நடந்து வருபவரே கடையை ஏறிட்டுப் பார்ப்பவர்.

திருவிழா சில நாட் காரியம், நாள்தோறும் அவ்வாறு இயலுமோ என்று கேட்பார்க்கு வேறொரு நகரைக் காட்டுவோம். நமக்குக் கோட்டையைக் கட்டிவிட்டுப் போன ஒல்லாந்தரின் நாட்டிலே குரோனிங்கன் என்றொரு நகர் உளது. அந்நகரசபை 1977இலே நகர்நடுவை நான்கு பகுதிகளாக வகுத்தது. ஒரு பகுதியிலிருந்து மற்றொரு பகுதிக்கு மோட்டார் வண்டி நேரே செல்ல முடியாது. சுற்றுவீதிக்குப் போய்த் திரும்பியே வரவேண்டும். நடப்பவரும் சைக்கிளில் வருபவரும் நேரே செல்லலாம். வணிகர் கடுமையாக எதிர்த்தனர், சபை பின்வாங்கவில்லை. அந்நகரின் கடைத்தெருக்கள் இன்றும் உயிரோடிருக்கின்றன. சைக்கிளால் உலகறிந்த நகர்களுள் ஒன்றாகவும் அது விளங்குகின்றது. மேடுபள்ளமற்ற சமநிலம் அவர்க்கு வாய்த்தது போலவே நமக்கும் வாய்த்துள்ளது. வெயில் ஒன்றே வேறுபாடு. அதற்கு வேம்பு உண்டு.

ஆயினும் அவர் செய்ததை அப்படியே பெயர்த்து நடுதல் வேண்டா. நமக்கென ஒரு செல்வம் உளது, அதுதான் ஒழுங்கை. நகரின் ஊடே செல்லும் பெருவீதிகள் வீதி அபிவிருத்தி அதிகாரசபை போன்றவற்றின் பொறுப்பில் உள்ளன. அங்கே மாற்றம் செய்யப் பலர் ஒப்புதல் வேண்டும். உள்வீதிகளும் ஒழுங்கைகளுமோ பெரும்பாலும் மாநகரசபையின் பொறுப்பில் உள்ளவை. பாடசாலை ஒவ்வொன்றுக்கும் செல்லும் ஒழுங்கைகளைத் தெரிந்து, குழிகளை நிரப்பி, வாய்க்கால்களுக்கு மூடியிட்டு, விளக்கேற்றி, வேகத்தைக் கட்டுப்படுத்தினால், பெரும்பொருட் செலவின்றியே சைக்கிள் வழிகள் அமைந்துவிடும். பெருவீதியைக் கடக்கும் சந்திகளில் மாத்திரம் மற்றை அதிகாரிகளின் துணை வேண்டும்.

தரிப்பிடம் பற்றியும் ஒரு வரையறை வேண்டும். கடைத்தெருவில் நிற்கும் வாகனத்துக்குக் கால எல்லையும், நேரத்துக்கேற்ப ஏறும் கட்டணமும் விதிக்கலாம். நாள்முழுதும் நிறுத்துவோர்க்கு வீதிக்கு வெளியே இடம் ஒதுக்கலாம். சரக்கு இறக்குதற்கு விடியற்காலை நேரத்தைக் குறிக்கலாம். வலுவிழந்தோரின் ஊர்திக்கும் நோயாளர் வண்டிக்கும் எவ்விடத்தும் தடை கூடாது. வரும் கட்டணத்தைக் கொண்டு சந்தையருகிலும் வைத்தியசாலையருகிலும் பேருந்து நிலையத்தருகிலும் கூரையிட்ட சைக்கிள் நிலையங்களை அமைத்து இலவசமாக விடலாம்.

இவையெல்லாம் சபையின் வேலை. நம் வேலையும் ஒன்றுண்டு. சைக்கிளில் வருவது வறுமையின் அடையாளம் என்னும் எண்ணம் மாணவர் மனத்திலே புகுந்துவிட்டது. பதினாறு வயது நிரம்பியதும் மோட்டார் சைக்கிள் கேட்டுப் பெற்றோரை வருத்தும் பிள்ளைகளையும், கடன்பட்டு அதனை வாங்கிக் கொடுக்கும் பெற்றோரையும் காண்கின்றோம். அவ்வண்டிகளால் நேரும் சாவுகளையும் காண்கின்றோம். ஆசிரியர் சைக்கிளில் வந்தால் மாணவன் அதனை இழிவென்று எண்ணான். இலக்கிய மன்றங்கள் பழைய நகர்களின் வீதியழகைப் பேசுவதோடு அமையாது, தம் நகரின் வீதி குறித்து மாநகரசபைக்கு ஒரு விண்ணப்பம் எழுதுமாயின் கற்ற கல்வி பயன் தரும்.

காலை ஏழு மணிக்குப் புத்தகப் பையோடு சைக்கிளில் வீட்டினின்றும் புறப்படும் சிறுமி அச்சமின்றிப் பாடசாலை சேர்கின்றாளா என்பதே சபை செய்யும் ஒவ்வொரு முடிவுக்கும் உரைகல்லாதல் வேண்டும். அவளுக்கு வாக்கில்லை. ஆதலால் வாக்குடைய நாம் அவளுக்காகப் பேசுதல் கடமையாகும்.