உறங்கும் மலை

அமைதி வேறு, இடரின்மை வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் மயக்கம் மாந்தர்க்கு இயல்பாக உண்டு. அம்மயக்கத்தால் விளையும் கேட்டினை எரிமலைகள் நன்கு உணர்த்துகின்றன.

நிலத்தின் ஆழத்தே உருகிய பாறைக் குழம்பு மேலெழுகின்றது. அதனுள் அடங்கிய ஆவிகளின் அழுத்தம் மிகும்போது மலை வெடிக்கின்றது. இரு வெடிப்புகளுக்கு இடையே சில மலைகள் பன்னூறு ஆண்டுகள் உறங்குவதுண்டு. மனித வாழ்வோ குறுகியது. பாட்டன் காணாத தீயைப் பேரன் அஞ்சுவதில்லை. சாம்பல் படிந்த மண் வளமுடையதாதலின், உழவர் மலையடிவாரத்தையே நாடிக் குடியேறுகின்றனர்.

தென்னமெரிக்காவில், கொலம்பியா நாட்டில், நெவாடோ டெல் ரூயிஸ் என்னும் பனி மூடிய எரிமலை உளது. 1845-இல் அதிலிருந்து இறங்கிய சேற்று வெள்ளம் பள்ளத்தாக்கில் வாழ்ந்தோரை விழுங்கிற்று. அச்சேறு படிந்த நிலத்தின்மீதே பின்னாளில் ஆர்மெரோ என்னும் ஊர் எழுந்தது. 1985-இல் மலை மீண்டும் விழித்தது. இடர் நேரக்கூடிய இடங்களைக் காட்டும் படத்தை அறிஞர் அக்டோபரிலேயே வரைந்தளித்தனர். ஆயினும், ஊரை விட்டு வெளியேறுமாறு ஆணை உரிய காலத்தில் பிறக்கவில்லை. நவம்பர் 13 இரவு, வெடிப்பின் வெப்பத்தால் உருகிய பனி சேற்று வெள்ளமாய்ப் பாய்ந்தது. அஃது ஆர்மெரோவை அடைய இரண்டு மணி நேரத்திற்கும் மேலாயிற்று. மேட்டு நிலத்திற்கு நடந்தே சென்று உயிர் பிழைக்க அக்காலம் போதும். எனினும், அவ்வொரு வெடிப்பினால் ஏறத்தாழ 23,000 பேர் மாண்டனர்.

பிலிப்பைன்ஸ் நாட்டின் பினாட்டுபோ மலையின் வரலாறு இதற்கு மாறானது. சற்றேறக்குறைய 500 ஆண்டுகள் உறங்கிய அம்மலை 1991 ஏப்ரலில் ஆவி கக்கத் தொடங்கிற்று. அறிஞர் நில அதிர்வுகளை அளந்து எச்சரித்தனர், ஆட்சியாளர் செவிசாய்த்தனர், பல்லாயிரவர் வெளியேறினர். ஜூன் 15-இல் நிகழ்ந்த பெருவெடிப்பு அந்நூற்றாண்டின் மாபெரும் வெடிப்புகளுள் ஒன்று. புயல்மழையில் நனைந்து கனத்த சாம்பலால் கூரைகள் இடிந்து நூற்றுக்கணக்கானோர் இறந்தனர். ஆயினும், முன்னரே வெளியேறியதனால் காக்கப்பட்ட உயிர்கள் மிகப் பல.

“எச்சரிக்கை பொய்த்தால் வீண் அலைச்சலன்றோ?” என்பாரும் உளர். மலை வெடிக்கும் நாளைத் திட்டமாய்க் கூறுதல் அறிஞர்க்கும் அரிதே. ஆனால், வீணாகப் பெயர்ந்த மக்கள் மீண்டும் தம் இல்லம் புகலாம். புதையுண்ட ஊர் மீளாது. இவ்விரண்டனுள் எவ்விழப்பு சிறிதென்பது எளிதில் விளங்கும்.

இத்தாலி நாட்டு வெசூவியஸ் மலை 1944-க்குப் பின் வெடிக்கவில்லை. அதனைச் சூழ்ந்து இன்று இலட்சக்கணக்கானோர் வாழ்கின்றனர். மலையின் வெடிப்பைத் தடுக்கும் ஆற்றல் மனிதர்க்கு இல்லை. அதன் குறிப்பறிந்து விலகி நிற்கும் அறிவு உண்டு. அவ்வறிவு ஏட்டோடு நின்றுவிடாமல் செயலாதல் வேண்டும்.