படம் கிடைக்காமல் போனால் என்ன?

சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூருக்குப் பக்கத்தில் உள்ள கொள்ளுக்குடிப்பட்டியில் தீபாவளிக்கு வெடிச் சத்தம் கேட்பதில்லை. கல்யாணம், கோயில் திருவிழா எதற்கும் வெடி கிடையாது. வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் 1977-ல் அறிவிக்கப்பட்டது. ஊரார் வெடியை விட்டும் ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆகிறது. பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடி என்ற மூன்று கண்மாய்களையும் சேர்த்தால் 40 ஹெக்டேர்கூட வராது. அவ்வளவு சின்ன இடத்தில் கருவேல மரங்களில் நத்தைகுத்தி நாரையும் வக்காவும் அரிவாள் மூக்கனும் நீர்க்காகமும் நெருக்கியடித்துக் கூடு கட்டுகின்றன. ஊராரைப் பாராட்டி வனத்துறை தீபாவளிக்கு இனிப்புக் கொடுக்கிறது. பத்திரிகைகளும் அதைப் படத்தோடு போடுகின்றன. அதைப் பார்த்துவிட்டு, காரைக்குடிக்கும் கானாடுகாத்தானுக்கும் பெரிய வீடுகளைப் பார்க்க வருகிறவர்கள் கேமராவோடு கண்மாய்க் கரைக்கும் ஒரு நடை போகிறார்கள். பறவைக்காகத் தன் பிள்ளைகளின் வெடியை விட்டுக்கொடுத்த ஊர் அது. கேமராவோடு வருகிறவர் எதை விட்டுக்கொடுக்கிறார்?

கூச்சமுள்ள ஓர் உயிரைப் படமெடுக்க எவ்வளவு தூரத்தில் நிற்பது என்பதை அந்த உயிர்தான் முடிவுசெய்ய வேண்டும். அது மறைந்துகொண்டால் அன்றைக்குப் படம் கிடையாது. சரணாலயத்தைவிட உயிரியல் பூங்காவுக்கு இந்த விதி இன்னும் கண்டிப்பாக வேண்டும் என்பது என் கட்சி. விலங்கைக் காட்டுவதற்குத்தானே பூங்கா என்று கேட்பீர்கள். ஆனால் கண்மாய்ப் பறவைக்குச் சிறகு இருக்கிறது; பிடிக்கவில்லை என்றால் எழும்பிப் போகும், நமக்கும் புரியும். அடைப்புக்குள் இருப்பதற்கு அந்த வழி இல்லை. சூரிச் உயிரியல் பூங்காவின் இயக்குநராக இருந்த ஹெய்னி ஹெடிகர் இதைக் கடந்த நூற்றாண்டின் நடுவிலேயே எழுதிவிட்டார். ஒவ்வொரு விலங்குக்கும் ஒரு தப்பியோடும் தூரம் உண்டு. அதற்குள் ஆள் வந்தால் அது விலகப் பார்க்கும். விலக இடமில்லாத அடைப்பில் அதற்குப் பதற்றம் தீராது என்றார். மூலையில் சுருண்டு கிடப்பதைப் பார்த்து, சும்மாதான் படுத்திருக்கு என்று நாம் நகர்ந்துவிடுகிறோம். சும்மா படுத்திருப்பதும் பயந்து ஒடுங்கியிருப்பதும் வெளிப் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும்.

1855-ல் சென்னை அருங்காட்சியக வளாகத்தில் தொடங்கிய பூங்கா, 1985-ல் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவாக வண்டலூரில் திறக்கப்பட்டது. சுமார் 600 ஹெக்டேர். பெரிய விலங்குகளுக்குக் கம்பிக்குப் பதில் அகழி. விலங்குக்கு இடம் கொடுத்தால், சில நேரம் அது கண்ணில் படாது. செட்டிநாட்டு வீட்டுக்கு வந்தவரை முகப்போடு உட்காரவைத்துப் பேசி அனுப்புவதுண்டு. இரண்டாம் கட்டைக் காட்டவில்லை என்று யாரும் கோபித்துக்கொள்வதில்லை. விலங்குக்கும் ஓர் இரண்டாம் கட்டு வேண்டும். ஆனால் சீட்டு வாங்கியவர், அதிலும் கேமராவுக்குத் தனிச் சீட்டு வாங்கியவர், விலங்கு வெளியே வராவிட்டால் தன் காசு வீண் என்று நினைக்கிறார். உடனே கைதட்டுகிறார், விசிலடிக்கிறார், கண்ணாடியைத் தட்டுகிறார். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 38ஜே பிரிவு, பூங்கா விலங்கைச் சீண்டுவதையும், சத்தத்தாலோ வேறு விதத்திலோ தொந்தரவு செய்வதையும் தடுக்கிறது. அந்த ‘வேறு விதம்’ என்னென்ன என்று வாசலில் எழுதி வைத்தால் நல்லது.

எழுதி வைத்திருப்பது பெரும்பாலும் ஃபிளாஷ் கூடாது என்ற ஒரு வரிதான். அந்த விதி தேவையே. தேவாங்குபோல இருட்டுக்கென்று அமைந்த பெரிய கண்கள் உள்ளவற்றின் முகத்தில் வெளிச்சத்தை அடிப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. ஆனால் ஃபிளாஷை அணைத்துவிட்டால் மற்றதெல்லாம் சரி என்ற நினைப்பை அந்தப் பலகை தருகிறது. கடல்குதிரைகளை வைத்து 2019-ல் வெளியான ஓர் ஆய்வு வேறொன்றைக் காட்டியது. ஃபிளாஷால் அவற்றின் கண்ணுக்குச் சேதம் ஏற்பட்டதாகத் தெரியவில்லை. படத்துக்காக அவற்றைத் தொட்டு நகர்த்தியதுதான் அதிகம் பாதித்தது. கடல்குதிரைக்கு உள்ளது தேவாங்குக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தொந்தரவை வெளிச்சத்தில் மட்டும் தேடக் கூடாது. நெருங்குவதிலும் கிளப்பிவிடுவதிலும் தேட வேண்டும் என்பதற்கு அது போதும். கொள்ளுக்குடிப்பட்டியில் நடுப்பகலில் ஃபிளாஷ் எதற்கு? கூட்டை நோக்கி நாலு அடி கூடுதலாக வைத்தாலே அடைகாக்கும் நாரை எழும்பிவிடும். முட்டை வெயிலில் கிடக்கும். காகம் பார்த்துக்கொண்டே இருக்கும். படம் எடுத்தவருக்கு, பறவை சிறகு விரித்த அழகான காட்சி கிடைத்திருக்கும்.

சட்டம் இதில் நாம் நினைப்பதைவிடக் கறாரானது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்பதற்குத் தரப்பட்ட விளக்கத்துக்குள் காட்டுப் பறவைகளின் முட்டையையும் கூட்டையும் கலைப்பதும் அடங்கும். சரணாலயத்துக்குள் நுழைய அனுமதி தருவதற்கான காரணங்களில் ஒன்றாகப் புகைப்படத்தையும் அதே சட்டம் சொல்கிறது. 2022 திருத்தம், வாழிடத்தை மாற்றாமலும் உயிர்களுக்குத் தீங்கில்லாமலும் என்று அதற்கு நிபந்தனை போட்டது. நிபந்தனை இருக்கிறது, அதைக் கரையில் நின்று பார்க்கத்தான் ஆள் இல்லை.

மனிதரைப் பார்த்துப் பார்த்து விலங்குக்குப் பழகிவிடும் என்று ஒரு வாதம் உண்டு. அதில் உண்மை இருக்கிறது. 2020-ல் ஊரடங்குக் காலத்தில் டோக்கியோவின் சுமிதா நீர்வாழ் காட்சியகத்தில் பார்வையாளர் இல்லாமல் போனதும், மணலில் செருகி நிற்கும் விலாங்குகள் ஆளைக் கண்டாலே உள்ளே ஒளியத் தொடங்கின. பராமரிப்பாளர்களால் அவற்றின் உடல்நிலையைக்கூடப் பார்க்க முடியவில்லை. கடைசியில் காணொலி அழைப்பில் முகம் காட்டுங்கள் என்று பொதுமக்களைக் கூப்பிட்டார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் ஹாங்காங் ஓஷன் பார்க்கில் நேர்ந்தது இதற்கு எதிர்ப்பக்கம்: பத்தாண்டு முயற்சியில் சேராத இரண்டு பாண்டாக்கள், பூங்கா மூடிக் கிடந்தபோது இணைந்தன. மூடியதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது; அதே பாண்டா இரட்டைக் குட்டி ஈன்றது 2024-ல், பூங்கா திறந்திருந்த காலத்தில். எனக்கு விலாங்குகள்தான் அதிகம் கற்றுத்தருகின்றன. அவை பழகியிருந்தது கண்ணாடிக்கு அப்பால் தினமும் ஒரே இடத்தில் தெரிந்த முகங்களுக்கு. மணலைக் கிளறும் கைக்கு அல்ல. பழக்கம் என்ற வாதம், பார்ப்பவர் ஒரே இடத்தில் நிற்க வேண்டும் என்ற என் பக்கத்துக்குத்தான் வலு சேர்க்கிறது.

படம் பார்த்தால்தான் மக்களுக்கு அன்பு வரும், அன்பு வந்தால்தான் காப்பாற்றுவார்கள் என்பது இன்னொரு வாதம். கேட்க நன்றாக இருக்கும். நம் தேவாங்கின் தென்கிழக்காசிய உறவினமான மந்தத் தேவாங்கு ஒன்றை ஒருவர் கிச்சுக்கிச்சு மூட்டும் காணொலி 2009-ல் உலகமெங்கும் பரவியது. அது கைகளைத் தூக்கியதைப் பார்த்தவர்கள் சிரித்தார்கள், தங்களுக்கும் ஒன்று வேண்டும் என்றார்கள். உண்மையில் கைதூக்குவது அதன் தற்காப்பு. முழங்கைக்குப் பக்கத்தில்தான் அதன் நச்சுச் சுரப்பி. அன்பு வரத்தான் செய்தது. அது விலங்கைப் பிடித்து விற்பவர்களுக்குத்தான் உதவியது. 2023-ல் மியாமி உயிரியல் பூங்காவில் பாவோரா என்ற கிவிப் பறவையை வெளிச்சத்தில் வைத்து, காசு வாங்கிக்கொண்டு பார்வையாளர்களைத் தடவவிட்டார்கள். இரவாடியான அந்தப் பறவை இனத்தின் சொந்த நாடான நியூசிலாந்து கொதித்த பிறகே பூங்கா மன்னிப்புக் கேட்டு அதை நிறுத்தியது. பறவைப் பதிவுக்குப் படம் உதவாதா என்றால், உதவும்; ஆனால் இனத்தை அடையாளம் காணத் தூரத்துப் படம் போதும். கண்ணின் பளபளப்பு வரை தெரிய வேண்டும் என்பது அறிவியலுக்குத் தேவையில்லை. அது சமூக ஊடகத்தில் விழும் லைக்குகளின் எண்ணிக்கைக்காக.

படமெடுக்கும் அனுமதியை அடியோடு ரத்துசெய்யச் சொல்லவில்லை. கண்மாய்க் கரையில் குறிப்பிட்ட இரண்டு மூன்று இடங்களில் மூங்கில் தட்டி அடைத்து, கண் மட்டத்தில் துளை விட்ட நிலையான மறைப்புகள் போடலாம். கேமராவோடு வருபவர் அதற்குள் உட்கார்ந்து எடுக்கட்டும். அதைத் தாண்டக் கூடாது, ட்ரோன் கூடவே கூடாது. ஒரு கட்டணம் வாங்கி, யார் எங்கே நிற்கலாம் என்று பார்த்துக்கொள்ளும் வேலையைக் கொள்ளுக்குடிப்பட்டி இளைஞர்களுக்கே சம்பளத்தோடு கொடுக்கலாம். அந்தப் பறவை எப்போது மிரளும் என்று அவர்களுக்குத் தெரியும். பூங்காக்களில் கேமராச் சீட்டின் பின்பக்கத்திலேயே, விலங்கு தெரியாமலும் போகலாம், பணம் திரும்பக் கிடைக்காது என்று அச்சடித்துவிடலாம். வேட்டங்குடியைப் பொறுத்தவரை வேலையை ஐப்பசி மழைக்கு முன்பே முடித்துவிட வேண்டும். கூடு கட்டத் தொடங்கிய பிறகு மூங்கில் நடப் போனால் அதைவிடப் பெரிய தொந்தரவு வேறில்லை.