நத்தைமேல் அமர்ந்தவரும் குப்பை என்ற பெயரும்

கேலிச்சித்திரத்தைப் பார்த்தால் சிரிக்கிறோம், இல்லையென்றால் கொதிக்கிறோம். நடுவில் ஒரு வேலை விட்டுப்போகிறது. அதை வாசிக்க வேண்டும்.

1949 ஆகஸ்டில் ‘சங்கர்ஸ் வீக்லி’ இதழில் ஓவியர் சங்கர் ஒரு படம் வரைந்தார். அரசமைப்புச் சட்டம் என்று எழுதிய நத்தைமேல் கையில் சாட்டையோடு அண்ணல் அம்பேத்கர். பின்னால் சாட்டையை ஓங்கி நிற்கிறார் நேரு. சுற்றிலும் வேடிக்கை பார்க்கும் கூட்டம். என்.சி.இ.ஆர்.டி.யின் பதினொன்றாம் வகுப்புப் பாடநூலில் இடம்பெற்ற இந்தப் படத்தை எதிர்த்து 2012 மே மாதம் நாடாளுமன்றத்தில் தொல்.திருமாவளவன் குரல் எழுப்பினார். அமைச்சர் கபில் சிபல் வருத்தம் தெரிவித்தார். நூலின் ஆலோசகர்கள் யோகேந்திர யாதவும் சுகாஸ் பல்ஷிகரும் பதவி விலகினர். புனேவில் பல்ஷிகரின் அலுவலகம் தாக்கப்பட்டது. அந்தத் தாக்குதலுக்கு எந்த நியாயமும் கிடையாது.

நேரு விரட்டுவது நத்தையை, அம்பேத்கரை அல்ல என்பது படத்தை ஆதரித்தவர்களின் வாதம். எர்ணாவூரில் மாலை நேரம் படிக்க வரும் பிள்ளைகளிடம் படத்தைக் காட்டி, அடி யார்மேல் விழும் என்று மட்டும் கேட்டேன். “உட்கார்ந்திருக்கிறவர் முதுகுலதான் சார்” என்றாள் ஒரு மாணவி. ஓவியரின் எண்ணம் வேறாக இருந்திருக்கலாம். ஆனால் நிற்பவர், அமர்ந்தவர், ஓங்கிய கை என்ற வரிசையில்தான் கண் போகிறது. அதிலும் சாட்டை நம் மக்களுக்கு வெறும் கோடு அல்ல. அதே 1940-களில்தான் கீழத்தஞ்சையில் பண்ணையாட்கள் சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் எதிராகப் போராடிக்கொண்டிருந்தார்கள்.

நத்தை ஓர் உருவகம். எதைக் காட்டுகிறது என்பதைவிட எதை மறைக்கிறது என்று பார்ப்பதே முக்கியம். வரைவுக் குழுவின் ஏழு பேரில் ஒருவர் விலகினார், ஒருவர் இறந்தார், ஒருவர் அமெரிக்காவில் இருந்தார், வேறொருவர் அரசுப் பணியில் மூழ்கியிருந்தார், ஓரிருவர் டெல்லியிலேயே இல்லை. சுமை முழுதும் அம்பேத்கர் தலையில் விழுந்தது என்று அவையிலேயே சொன்னவர் நம்மூர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி. அது 1948 நவம்பர். வந்த திருத்தங்கள் 7,635. அவையில் முன்வைக்கப்பட்டவை 2,473. இதையெல்லாம் நத்தையின் ஓட்டுக்குள் அடைத்துவிட்டால் மிஞ்சுவது சோம்பல் ஒன்றுதான். சொல்லாலும் இதைச் செய்தார்கள். நசிருதீன் அகமது என்ற உறுப்பினர் ‘டிராஃப்டிங் கமிட்டி’யில் ஓர் எழுத்தை மாற்றி ‘டிரிஃப்டிங் கமிட்டி’, அதாவது திசையின்றி மிதக்கும் குழு என்றார். கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள். 1949 நவம்பர் 25 அன்று ஆற்றிய உரையில் அம்பேத்கர் அந்தக் கேலியைப் பெயர் சொல்லி எடுத்துக்கொண்டு, மற்ற நாடுகள் அரசமைப்பு எழுத எடுத்துக்கொண்ட காலத்தையும் அடுக்கி விடை சொன்னார். சிலேடைக்குக் கணக்கால் பதில்.

இதெல்லாம் பழங்கதை என்பவர்கள் 2023 ஜூனுக்கு வரட்டும். சுற்றுச்சூழல் நாளுக்கு சொமேட்டோ ஒரு விளம்பரம் வெளியிட்டது. ‘லகான்’ (2001) படத்தில் தீண்டத்தகாதவராக வரும் பந்துவீச்சாளரின் பெயர் கச்ரா. இந்தியில் அதற்குப் பொருள் குப்பை. அதே நடிகரை விளக்காக, பூந்தொட்டியாக, துண்டாக மாற்றி, மறுசுழற்சி செய்த குப்பை என்று காட்டினார்கள். பெயரை வைத்துச் சிலேடை, உடம்பை வைத்துக் காட்சி. இரண்டும் சேர்ந்து மனிதனைப் பொருளாக்கிவிட்டன. கொடுங்கையூர்க் குப்பைமேட்டைப் பார்த்து வளரும் வடசென்னைப் பிள்ளைகளுக்கு அந்தப் பெயரின் கனத்தை நான் விளக்கத் தேவையில்லை. இயக்குநர் நீரஜ் கேவான் கண்டித்தார். தேசியத் தாழ்த்தப்பட்டோர் ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. நிறுவனம் காணொளியை நீக்கியது. நீக்கியபோது வெளியிட்ட விளக்கத்தையும் மாணவர்கள் விளம்பரத்தைப் போலவே வாசிக்கலாம்: தெரியாமல் சில சமூகத்தினர் மனம் புண்பட்டிருக்கலாம் என்கிறது அது. எந்தச் சமூகம் என்று அதில் எழுதவில்லை.